இரத்தம் குடிப்பவர் யார்?

தியானப் பகுதி: 2 சாமுவேல் 23:13-17





சில வாரங்களாக உங்களில் பலருடைய கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றிவருகிறது. இங்கிலாந்து தேசத்தில், இடிந்துபோன ஒரு மடத்தின் முன்பாக, தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்தி, முகத்தை வெளிறச் செய்து, உதட்டில் கருஞ்சாயம் பூசிய பெண்கள் நிற்கும் படங்கள் அதில் இருக்கின்றன. இவர்கள் பிசாசை வணங்குகிறவர்கள், இரத்தம் குடிக்கிறவர்கள், மேற்படிப்புக்குச் சென்ற நம் பெண்பிள்ளைகள் இவர்களோடு பழகிக் கெட்டுப்போகிறார்கள், ஆகவே இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. அனுப்பியவர்களில் சிலர், "ஐயா, இதைப் பிரசங்கத்தில் கண்டித்துப் பேசவேண்டும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

கண்டிக்கவேண்டியது இதில் உண்டு. அதை மழுப்பாமல் எழுதப்போகிறேன். ஆனால் கண்டனம் விழவேண்டிய இடத்தில் விழவேண்டும். குறி தவறிய அம்பு குற்றமற்றவர்மேல் பாயும். நீங்கள் அனுப்பிக்கொண்டிருக்கும் செய்தி குறி தவறியது என்பதே என் வழக்கு.

படத்தில் இருப்பவர்கள் யார்?

அந்தப் படங்களில் காண்கிற ஊர் விட்பி. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு சிறு துறைமுகம். பிராம் ஸ்டோக்கர் என்ற அயர்லாந்து எழுத்தாளர் 1890-இல் அங்கே சில வாரங்கள் தங்கினார். 1897-இல் வெளிவந்த தமது 'டிராகுலா' நாவலில், இரத்தக் காட்டேரியாகிய டிராகுலா கப்பலில் வந்து கரையேறும் இடமாக அவ்வூரையே வைத்தார். முழுவதும் கற்பனை. இருந்தும், அங்குள்ள தூய மரியாள் ஆலயத்துக்கு வந்து டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்கிறவர்கள் அநேகர். அப்படி ஒரு கல்லறையே இல்லை என்று ஆலயத்தார் அறிவிப்பு வைக்கவேண்டியதாயிற்று.

கோத் என்று அழைக்கப்படும் இந்தக் கூட்டம் இசையிலிருந்து பிறந்தது. பழைய திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரைத் தாங்கிய ஒரு பாடலை 1979-இல் பாஹவுஸ் என்ற இசைக்குழு வெளியிட்டது. சூசி சூ என்ற பாடகியின் வெளிறிய முகத்தையும் கனத்த மை தீட்டிய கண்களையும் இளம்பெண்கள் பின்பற்றினார்கள். 1982-இல் லண்டனில் 'பேட்கேவ்' என்ற இசைக்கூடம் திறக்கப்பட்டது. விட்பியில் 1994-இல் ஒரு பெண், தமக்குக் கடிதத் தோழர்களாயிருந்த சிலரை நேரில் சந்திக்கும்படி அழைத்தார். கடிதத்தில் மட்டுமே தங்களைப் போன்ற ஒருவரைக் கண்டிருந்த தனிமையானவர்கள் சிலர் கூடிய அந்தச் சந்திப்பே பிற்பாடு ஆயிரக்கணக்கானோர் வரும் திருவிழாவாக வளர்ந்தது.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் இரத்தம் குடிப்பதுமில்லை, பிசாசை வணங்குவதுமில்லை. சோகமான இசையும், பழங்காலத்து உடையும், கல்லறைகளின் அமைதியும் இவர்களுக்குப் பிரியம். கிறிஸ்துவை அறிக்கையிடுகிறவர்களும் இவர்களுக்குள் உண்டு. காட்டேரியின் உருவத்தையே தங்களுக்கு அடையாளமாக்கி, கோரைப்பல் பொருத்திக்கொண்டு, தங்களைக் காட்டேரிகள் என்றே அழைத்துக்கொள்கிறவர்கள் வேறொரு சிறு வட்டம். அந்த வட்டத்துக்குள்ளும், மனமொப்பிக் கொடுப்பவரின் உடலிலிருந்து இரத்தத்தை உண்மையாகவே சிறிது பருகுகிறவர்கள் இன்னும் சிறியதொரு வட்டம். மூன்று வட்டங்களையும் ஒன்றாகக் குழப்பி, கறுப்பு உடுத்திய ஒவ்வொரு பெண்ணையும் இரத்தம் குடிப்பவள் என்று எழுதுவதற்கு வேதாகமத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பொய்ச்சாட்சி என்பது அதன் பெயர். பத்துக் கட்டளைகளில் அதுவும் ஒன்று.

நாம் எதிர்க்கவேண்டியவை

இப்படிச் சொன்னதனால், காட்டேரிக் கற்பனையில் தீங்கே இல்லை என்கிறேன் என்று எண்ணவேண்டாம். மூன்று காரியங்களை நான் எதிர்க்கிறேன். நீங்களும் எதிர்க்கவேண்டும்.

முதலாவது, இரத்தம். உயிர் இரத்தத்தில் இருப்பதால் அதைப் புசிக்கலாகாது என்று லேவியராகமம் 17-ஆம் அதிகாரம் தடுக்கிறது. எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள்மேல் அதிக சுமையை ஏற்ற விரும்பாமலிருந்தும், இரத்தத்தை விலக்கும்படி மறவாமல் எழுதினார்கள் (அப்போஸ்தலர் 15). கொடுப்பவர் சம்மதித்தார் என்பது இதைச் சரியாக்காது. மனிதன் மனிதனுக்கு ஆகாரமாகும்படி சிருஷ்டிக்கப்படவில்லை. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தின் வழியே பரவும் என்று மருத்துவரும் எச்சரிக்கிறார்கள். தங்களுக்கு உண்மையாகவே பிறர் இரத்தம் தேவைப்படுகிறது என்று நம்புகிற ஒரு பெண் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவளுக்கு முதலில் வேண்டியது நல்ல மருத்துவரும் பொறுமையாய்க் கேட்கிற ஒரு செவியும்.

இரண்டாவது, சாகாமை என்னும் வாக்குத்தத்தம். காட்டேரி சாவதில்லை, அது வாழ்வதுமில்லை. கண்ணாடியில் அதற்கு நிழலுருவம் இல்லை. பிறருடைய உயிர் குன்றக் குன்ற அது கொழுக்கிறது. உயிர்த்தெழுதல் இல்லாத நித்தியம் அது. நம் ஆண்டவர் மரணத்தை ஏய்த்துக்கொண்டு ஓடவில்லை. நிலத்தில் விழுந்து செத்து மிகுந்த பலன் தரும் கோதுமை மணியைப்போல் அதற்குள் இறங்கினார் (யோவான் 12:24). என்றும் இளமை, என்றும் அழகு, சுருக்கம் விழாத முகம் என்று காட்டேரிக் கதை பெண்களிடம் ஆசைகாட்டுவது, முகப்பூச்சு விளம்பரங்கள் நாள்தோறும் காட்டும் ஆசைதான். மரிக்கப் பயப்படுகிற உலகம் விற்கிற சரக்கு அது.

மூன்றாவது பெண்பிள்ளைகளை மிக நெருக்கமாகத் தொடுகிறது. 2005-இல் நாவலாகவும் 2008-இல் திரைப்படமாகவும் வந்த 'டுவைலைட்' கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறிவார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் இரத்தத்தின்மேல் அடக்கமுடியாத தாகம் கொண்ட ஒருவன், அவள் அறியாமல் இரவில் அவளுடைய அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதை இதைக் காதல் என்கிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவனைக் கதாநாயகனாக்கும் நம்மூர்த் திரைப்படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது வித்தியாசமாகத் தோன்றாது. மகளே, உன்னைத் தின்றுவிடாமல் இருப்பதே ஒருவன் உனக்குச் செய்கிற பெரிய தயவு என்றால், அவனிடம் உனக்கு என்ன பங்கு? கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் புருஷன் மனைவியிடத்தில் அன்புகூரவேண்டும் என்று பவுல் எழுதினார் (எபேசியர் 5:25). அங்கே கொடுக்கிறவன் புருஷன். இரையாகும்படி பெண்ணை அழைக்கிற காதல் வேதத்தில் இல்லை.

இம்மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பிறர் உயிரை எடுத்து நான் பிழைப்பேன் என்பதே அந்த வேர். காட்டேரித்தனம் என்று ஒன்று உண்டானால் அதுதான். அது உடையின் நிறத்தில் இல்லை. பெரிய வெள்ளியன்று நாமே பீடத்துக்குக் கறுப்புத் துணி போர்த்துகிறோம். கல்லறைத் திருநாளில் நாமே மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, மரித்த நம் இனத்தாரின் அருகே உட்காருகிறோம். கோதிக் என்ற அதே பெயரைத் தாங்கிய கட்டடக்கலையில்தான் சென்னை சாந்தோம் பேராலயம் எழும்பி நிற்கிறது. கறுப்பும் கல்லறையும் கோதிக் வளைவும் பிசாசினுடையவை என்றால், நாம் முதலில் நம் ஆலயங்களைப் பூட்டவேண்டியிருக்கும்.

இரக்கம் என்னும் பெயருடையவள்

பெண்ணைக் காட்டேரி என்று அழைப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்னும் கிராமம். பிரவுன் குடும்பத்தைக் காசநோய் பிடித்தது. 1883-இல் தாய் மரித்தார். அடுத்த ஆண்டு மூத்த மகள் மரித்தாள். 1892 ஜனவரியில் பத்தொன்பது வயதான மெர்சி என்ற மகளும் மரித்தாள். மெர்சி என்றால் இரக்கம். அவளுடைய அண்ணன் எட்வினும் அதே நோயில் படுத்திருந்தான். மரித்தவர்களில் ஒருவர் கல்லறையிலிருந்து எழுந்து இந்த வாலிபனின் உயிரை உறிஞ்சுகிறார் என்று அயலார் முடிவுகட்டி, தகப்பனை வற்புறுத்தினார்கள். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் இணங்கினார்.

மார்ச் 17 அன்று மூன்று பெண்களின் உடல்களையும் எடுத்துப் பார்த்தார்கள். கடுங்குளிர் காலத்தில் இரண்டே மாதங்களுக்கு முன் மரித்த மெர்சியின் உடல் கெடாமல் இருந்தது. இருதயத்தில் இரத்தம் இருந்தது. இது இயல்பானதே என்று உடனிருந்த மருத்துவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவளுடைய இருதயத்தை வெட்டியெடுத்து, ஒரு பாறைமேல் வைத்து எரித்து, அந்தச் சாம்பலைக் கலந்து மருந்தென்று எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் நிறைவதற்குள், மே 2 அன்று, அவனும் மரித்தான். செய்தித்தாள்கள் இதைக் காட்டேரிச் செய்தி என்று எழுதின.

காசநோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இது நடந்த இடமோ ஒரு பாப்திஸ்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டம். இப்போது சொல்லுங்கள். அந்தக் கிராமத்தில் மனித உடலைத் தின்னக் கொடுத்தவர்கள் யார்? மரித்துக் கிடந்த பெண்ணா, அவளைக் காட்டேரி என்ற அயலாரா? பயந்துபோன நல்லவர்களே அதைச் செய்தார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

நம்மையும் அப்படித்தான் சொன்னார்கள்

இன்னும் பின்னே போவோம். கி.பி. 177-இல், இன்றைய பிரான்ஸ் தேசத்திலுள்ள லியோன் பட்டணத்தில் கிறிஸ்தவர்களைப் பிடித்தார்கள். இவர்கள் மனித மாம்சம் தின்கிறவர்கள் என்று, வதைக்குப் பயந்த அடிமைகளைக்கொண்டு பொய் சொல்லவைத்தார்கள். திருவிருந்தைப் பற்றி அரைகுறையாகக் காதில் விழுந்ததும், மறைவில் கூடினார்கள் என்ற சந்தேகமும் இப்படிப்பட்ட பொய்களுக்குப் போதுமானதாயிருந்தன. பிப்லிஸ் என்னும் பெண் பயத்தினால் ஒருமுறை விசுவாசத்தை மறுதலித்திருந்தாள். சபைக்கு விரோதமாக அவள் வாயிலிருந்தே சாட்சி பிடுங்கவேண்டுமென்று அவளை மறுபடியும் வதைத்தார்கள். அந்த வேதனையில் அவள் தூக்கத்திலிருந்து விழித்தவள்போல் தெளிந்தாள். மிருகங்களின் இரத்தத்தையும் உண்ணாத மக்கள் பிள்ளைகளைத் தின்பார்களோ என்று அவர்களையே திருப்பிக் கேட்டாள். பின்பு தன்னைக் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டு, இரத்தசாட்சிகளோடு எண்ணப்பட்டாள். யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் இதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்.

இரத்தம் குடிக்கும் கூட்டம் என்ற பழியைச் சுமந்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பழியை எடுத்து வேறொருவர்மேல் வீசுவதற்கு நமக்குக் கை எப்படி எழும்புகிறது?

பேக்கப் பூங்காவில் ஓர் இரவு

கையால் வீசுகிற சொல் காலால் உதைப்பதில் முடியும். 2007 ஆகஸ்டு 11 அன்று, இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பேக்கப் என்னும் ஊரில், சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவளுடைய காதலனும் நள்ளிரவுக்குப் பின் ஒரு பூங்கா வழியாக வந்தார்கள். இருவரும் கோத் உடை உடுத்துகிறவர்கள். சில பதின்வயதுப் பையன்கள் முதலில் அந்த இளைஞனை அடித்து வீழ்த்தினார்கள். சோஃபி ஓடித் தப்பவில்லை. தரையில் கிடந்தவனுடைய தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, அடிக்கவேண்டாம் என்று கெஞ்சினாள். அவர்கள் அவளுடைய தலையை உதைத்தார்கள். அவள் நினைவு திரும்பாமலே ஆகஸ்டு 24 அன்று மரித்தாள். அவளுடைய தோற்றமே தாக்குதலுக்குக் காரணம் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. பிற்பாடு 2013-இல், அருகிலுள்ள மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை, கோத் போன்ற கூட்டத்தார்மீது நடக்கும் தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யத் தொடங்கியது.

அந்தப் பெண் எதை விசுவாசித்தாள் என்பது என் கேள்வி அல்ல. அவள் செய்தது என்ன என்பதைப் பாருங்கள். விழுந்து கிடந்த ஒருவனுக்கும் அவனை உதைத்த கால்களுக்கும் நடுவே தன் உடலை வைத்தாள். சிநேகிதனுக்காக ஜீவனைக் கொடுப்பதிலும் மேலான அன்பு இல்லை என்று நம் ஆண்டவர் போதித்தார் (யோவான் 15:13). கறுப்பு உடுத்திய அந்தப் பெண் தன் இரத்தத்தைக் கொடுத்தாள். எடுத்தவர்கள் சாதாரண உடை உடுத்தியிருந்தார்கள்.

தாவீது ஊற்றிய தண்ணீர்

இப்போது தியானப் பகுதிக்கு வருவோம். தாவீது அதுல்லாம் குகையில் தங்கியிருக்கிறான். பெத்லகேம் பெலிஸ்தர் கையில் இருக்கிறது. அவ்வூர்க் கிணற்றுத் தண்ணீரின்மேல் அவனுக்கு ஏக்கம் உண்டாகிறது. பராக்கிரமசாலிகள் மூன்று பேர் பாளயத்தை ஊடறுத்துச் சென்று தண்ணீர் மொண்டு வருகிறார்கள். தாவீது அதைக் குடிக்க மனதில்லாமல் கர்த்தருக்கென்று தரையில் ஊற்றிவிடுகிறான். தங்கள் பிராணனைப் பொருட்படுத்தாமல் போனவர்களுடைய இரத்தமாக அந்தத் தண்ணீர் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

கவனியுங்கள். அந்தப் பாத்திரத்தில் இருந்தது தெளிந்த தண்ணீர்தான். ஆயினும் பிறர் உயிரைப் பணயம் வைத்து வந்ததால் அது இரத்தம். இரத்தம் குடிப்பது என்றால் என்னவென்பதற்கு வேதம் தருகிற அளவுகோல் இதுவே. இதைக்கொண்டு நம் வீடுகளை அளந்து பார்ப்போம்.

நம் தமிழ்மொழிக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. கந்துவட்டிக்காரனைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகிறான் என்றுதானே சொல்கிறோம்? தமிழ்நாட்டில் 2003 முதல் அதற்குத் தடைச்சட்டம் இருக்கிறது. வாரவட்டி வசூலித்த கையோடு காணிக்கைப் பையில் பணம் போடுகிறவர்கள் திருச்சபைகளில் இல்லையா? வரதட்சணைக்கு 1961 முதல் நாட்டில் தடைச்சட்டம் இருக்கிறது. இத்தனை பவுன், இத்தனை ரொக்கம், ஒரு கார் என்று பேசி முடித்து, பெண்ணைப் பெற்றவர் வயலை விற்று அழுத பணத்தில் பட்டு உடுத்தி, ஆலயத்தில் முழந்தாளிடுகிறோமே, அந்தப் பட்டின் நிறம் என்ன? கூலியைக் குறைத்து வீட்டுவேலை செய்யவைத்த பெண்ணின் களைப்பு நம் தேநீர்க் கோப்பையில் இல்லையா? அட்டையின் குமாரத்திகளைப் பற்றியும், ஏழைகளைப் பட்சிக்கிற பற்களைப் பற்றியும் நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரம் பேசுகிறது. ஜனத்தின் மாம்சத்தைத் தின்கிற தலைவர்களை மீகா 3-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறான். அவர்களில் ஒருவரும் கோரைப்பல் பொருத்தியவர் அல்ல.

விட்பியில் ஒரு பெண் ஆயிரம் ரூபாய் பெறுமான பிளாஸ்டிக் பல்லைப் பொருத்திக்கொண்டு படம் எடுப்பது நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. நம் சொந்தப் பல் நம்மைத் திடுக்கிடச் செய்வதில்லை.

அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்?

ஆன் ரைஸ் என்ற எழுத்தாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றைய காட்டேரிக் கூட்டங்களுக்கு அவருடைய கதைகளைப்போல் ஊட்டம் கொடுத்தவை சிலவே. நியூ ஆர்லியன்ஸில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, இளமையில் விசுவாசத்தை விட்டவர். 1972-இல் அவருடைய ஒரே மகள், ஆறு வயது நிறையுமுன், இரத்தப் புற்றுநோயில் மரித்தாள். அதன்பின் அவர் எழுதி 1976-இல் வெளிவந்த முதல் காட்டேரி நாவலில், வளராமலும் சாகாமலும் என்றென்றைக்கும் சிறுமியாகவே இருக்கும் ஒரு குழந்தை வருகிறாள். இரத்தம் கெட்டு மரித்த பிள்ளையின் தாய் எழுதியது அது. அதில் நீங்கள் பிசாசைப் பார்க்கிறீர்கள். நான் ராமாவிலே அழுகிற ராகேலையும் பார்க்கிறேன்.

1998-இல் அவர் சபைக்குத் திரும்பினார். இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி நாவல்கள் எழுதினார். 2010-இல் மறுபடியும் விலகினார். கிறிஸ்துவை விடவில்லை, சண்டையும் பகையுமாயிருக்கிற கிறிஸ்தவர் கூட்டத்தில்தான் இருக்க முடியவில்லை என்ற கருத்தில் வெளிப்படையாக அறிவித்தார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிவீர்கள் என்று பவுல் கலாத்திய சபையை எச்சரித்ததை (கலாத்தியர் 5:15) அறிந்த நாம், அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிவிட முடியாது.

துக்கத்துக்கும் மரணத்துக்கும் முகங்கொடுக்கிற ஓர் இடத்தைத் தேடிச் சில பெண்கள் கறுப்பு உடுத்துகிறார்கள். நம்மிடத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? தாயை இழந்த பெண் மூன்றாம் வாரமே சிரித்துச் சாட்சி சொல்லவேண்டும் என்கிறோம். மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்கிறோம். சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை என்பதை மறந்து, கைதட்டும் பாடல்களை மட்டும் தெரிந்தெடுக்கிறோம். சபை அழ இடம் தராவிட்டால், அழுகை வேறு இடம் தேடிப்போகும்.

அந்தப் படங்களில் பெண்களுக்குப் பின்னால் தெரியும் இடிபாடு பிற்காலத்தது. ஆனால் அதே மேட்டில் 657-இல் ஒரு மடம் எழும்பிற்று. அதன் தலைவி ஹில்டா என்னும் பெண். ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த அந்தச் சமுதாயத்தை 680-இல் மரிக்கும்வரை அவரே நடத்தினார். அங்கே ஐசுவரியவானும் இல்லை, ஏழையும் இல்லை, யாவும் பொதுவாயிருந்தன என்று பீடு என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அங்கே கேட்மன் என்ற மாட்டுக்காரன் இருந்தான். விருந்தில் யாழ் கைமாறித் தன்னிடம் வரும்போது, பாடத் தெரியாத வெட்கத்தால் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். ஓரிரவு அவனுக்குக் கனவில் பாடும் வரம் கிடைத்தது. ஹில்டா அவனைத் துரத்தவில்லை. அழைத்துக் கேட்டார், சோதித்தறிந்தார், சபையில் சேர்த்துக்கொண்டார். ஆங்கில மொழியில் பெயர் தெரிந்த முதல் கவிஞன் அந்த மாட்டுக்காரன்தான். கூட்டத்தை விட்டு வெட்கத்தோடு விலகிப் போகிறவரைத் தேடி அழைக்கிற ஒரு சபை அந்த மேட்டில் இருந்தது. இன்று அங்கே வந்து நிற்கிற பெண்களுக்கு அப்படியொரு சபையை யார் காட்டுவது?

ஆகவே பெற்றோரே, உங்கள் மகள் கறுப்பு உடையில் படம் அனுப்பினால், அதை மற்றவர்களுக்கு அனுப்பாமல் அவளுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். "சாப்பிட்டாயா அம்மா, தூங்கினாயா, உனக்கு யார் துணை?" என்று கேளுங்கள். அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ, இரத்தம் பருகுவதாகவோ சொன்னால் கூச்சலிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் விடுமுறைக்கு வந்து கறுப்பு உடையோடே ஆலயத்துக்கு வந்தால், பக்கத்து இருக்கையை அவளுக்கு விடுங்கள்.

மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வாடிய ஒரு பெண் கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள் (மாற்கு 5). இரத்தத்தின் நிமித்தம் தீட்டென்று ஒதுக்கப்பட்டவள் அவள். அவர் அவளை எல்லாருக்கும் முன்பாக மகளே என்றார். உன் துக்கத்துக்கு அவர் பயப்படுகிறவரல்ல. காட்டேரி உன் இரத்தத்தைக் கேட்கும். இவர் தம்முடையதை உனக்காக ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

வரும் ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. பாத்திரத்தை வாங்குமுன், அந்தச் செய்தியை உங்கள் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு, யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடம் அது பொய் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜெபம்: எங்களுக்காக உம்முடைய இரத்தத்தைச் சிந்தின ஆண்டவரே, பிறர் உயிரில் நாங்கள் பிழைக்கிற வழிகளை எங்களுக்குக் காண்பியும். நாங்கள் வாங்கக்கூடாததை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கப் பெலன் தாரும். எங்கள் நாவின் கூர்மையை மழுங்கச் செய்யும். தூரதேசத்தில் தனிமையாயிருக்கும் எங்கள் குமாரத்திகளைக் காத்துக்கொள்ளும். அழுகிறவர்களோடு அழ எங்கள் சபைக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பரமபிதாவே. ஆமென்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் போதகர்